சான்பாடாவின் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே,

சான்பாடா, வாஷி, நெருல் என்று பாம் பீச் ரோட்டை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, ஞாயிறு விடிவதற்குள் ராடும் ரீலும் தெர்மாகோல் பெட்டியுமாகக் கண்டல்காட்டுப் பக்கம் இறங்கிவிடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். அந்தக் கரையில் மராட்டிக்காரர்களும் மலையாளிகளும் வங்காளிகளும்கூடத் தூண்டில் போடுகிறார்கள். அவர்களிடம் பேச அவர்களில் யாராவது முன்வரட்டும். நம் ஆட்களிடம் நான் பேசுகிறேன். நானும் தூண்டில்காரன்தான். தாமிரபரணி கடலில் சேர்கிற புன்னைக்காயல் பக்கத்தில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்தவன். மீன் பிடிப்பது பாவம் என்று உபதேசம் செய்வது என் நோக்கமில்லை. கொடுவா இழுக்கிற இழுப்பில் ரீல் கத்துகிற சத்தம் எனக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் குறை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சார்சோளே ஜெட்டிப் பக்கம் ஒரு கோலி மீனவ அம்மாவைப் பார்த்துப் பேசினேன். வற்றத்தில் சேற்றில் இறங்கி, வளைக்குள் கையை விட்டு நண்டு பிடிக்கிறவர். துள்ளித் திரிகிற நிவ்டி மீனையும் அப்படியே கையால் பிடிப்பார். அந்தச் சேற்றில் செருப்போடு நடக்க முடியாது. ஓரடி வைத்தால் செருப்பைச் சேறு வாங்கிக்கொள்ளும். வெறுங்கால்தான். ஜெட்டித் திண்டில் உட்கார்ந்து வலது குதிகாலைத் திருப்பிக் காட்டினார். லூரில் மாட்டுகிற மும்முனை முள்ளின் இரண்டு முனைகள் உள்ளே இறங்கிவிட்டனவாம். இழுத்தால் வருமா? முனையில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற கொக்கி எதற்கு இருக்கிறது? ஆஸ்பத்திரியில் கிழித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். தழும்பு பழைய நாலணாக் காசு அகலத்துக்கு இருந்தது. காயம் ஆறும்வரை சேற்றில் இறங்கவில்லை. அதுவரை வீட்டில் நண்டுக் காசும் இல்லை. “இது உங்க ஆளுங்களோடதா?” என்று மராட்டியில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கண்டல் கிளைகளைப் பாருங்கள். வீசியது சிக்கினால் பல்லால் கடித்தோ கத்தியால் வெட்டியோ நரம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். தங்கூசி மக்காது. நீங்கள் பெருமையாகச் சுற்றிவைத்திருக்கிற பிரெய்டு நரம்பு அதைவிட மோசம். மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது, அறவும் அறாது. கொக்குக்கும் நாரைக்கும் கால் மாட்டினால் மாட்டினதுதான். வாஷி பாலத்துக்கு வடக்கே 2015-இல் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். 2022-இல் தானே கழி ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. பூநாரை வந்திறங்கிய அன்றைக்குப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறவர்களும் நீங்கள்தான், அதன் காலுக்குக் கண்ணி வைத்துவிட்டுப் போகிறவர்களும் நீங்கள்தான்.

இன்னொன்று, போக்ஷி. மூங்கில் கழிகளை நட்டு, பை மாதிரி வலையின் வாயைத் தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக விரித்துக் கட்டியிருப்பார்களே, அது. ஓடைகள் கழியில் வந்து சேர்கிற வாயில்தான் அதிகமும் கட்டுவார்கள், ஏனென்றால் இறாலும் பொடிமீனும் வற்றத்தோடு அந்த வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கொடுவாவும் அதே வாயில்தான் காத்துக்கொண்டு நிற்கும். எனவே நீங்களும் அங்கேயே நிற்கிறீர்கள். உங்கள் லூர் போக்ஷி வலையில் போய் மாட்டுகிறது. அறுநூறு ரூபாய் லூரை விட மனம் வராமல் வலைக்கண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். வலைக்காரர் வந்து பார்க்கும்போது பை வாய் பிளந்து கிடக்கும், அன்றைய இறால் முழுக்கத் தண்ணீரோடு போயிருக்கும். ஒருவர் செய்தார், பத்துப் பேருக்குக் கெட்ட பெயர் என்று சமாதானம் சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் வாயைத் திறக்கவில்லையே.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். கடலை யார் பட்டா போட்டு வாங்கியிருக்கிறார்கள்? கழி எல்லோருக்கும் பொதுதானே?

பழவேற்காட்டில் போய் இதைக் கேட்டுப்பாருங்கள். அந்த ஏரியில் பாடு முறை என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த ஊர்க்காரர், எந்த இடத்தில், எந்த முறைக்கு வலை கட்டுவது என்று தங்களுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்துத்தான் இறங்குவார்கள். இன்றைக்கு நல்ல பாடு கிடைத்தவர் நாளைக்கு அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பாட்டு இடத்தில் மெட்ராஸிலிருந்து ஒருவன் காரில் வந்து இறங்கி, இது பொதுத் தண்ணீர் என்று ராடை நீட்டினால் நம் ஆட்கள் மாலை போட்டா வரவேற்பார்கள்? தண்ணீருக்கு முறை உண்டு என்பதை நமக்கு யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த முறை ஊரில் இருக்கும்போது தெரிகிறது, கல்யாண் வந்து ரயிலை விட்டு இறங்கியதும் மறந்துபோகிறது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. உங்களில் பாதிப் பேரின் தாத்தா முதலில் கால் வைத்த இடம் தாராவி. அங்கிருந்து மாட்டுங்கா, செம்பூர் என்று நகர்ந்து, பிறகுதான் இந்தப் பக்கம் வந்தீர்கள். 1909-இல் வெளியான பம்பாய் கெஜட்டியர், பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. மாஹிம் கழியில் மீன் பிடித்து வாழ்ந்த ஊர் அது. கழியோரத்தைத் தூர்த்துத் தூர்த்துத்தான் குடிசைகள் ஏறின, தோல் கிடங்குகள் வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன நம் ஆட்களுக்கு இந்த நகரம் வேறு இடம் கொடுக்கவில்லை. அவர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் கோலிகளின் கழி போனது போனதுதான். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது, ஹோலிக்கு அங்கே கூட்டம் அலைமோதும். வலை போடத்தான் தண்ணீர் இல்லை.

இந்தப் பக்கத்துக் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1970-இல் சிட்கோவை உருவாக்கி, தொண்ணூற்றைந்து கிராமங்களின் நிலத்தை எடுத்துத்தான் நவி மும்பை எழும்பியது. 1973-இல் முதல் வாஷி பாலம், 1992-இல் ரயில், 1997-இல் இரண்டாவது பாலம். உங்கள் பிளாட்டுக்கும் என் பிளாட்டுக்கும் கீழே ஒருவருடைய வயலோ உப்பளமோ இருந்திருக்கும். வாஷிகாவ், ஜுஹூகாவ், சார்சோளே, திவாளே என்று கோலிகளுக்கு மிச்சமிருப்பது இந்தக் கழி ஒன்றுதான். மூன்றாவது பாலத்துக்குத் தூண் இறக்கியபோது அதிலும் கை வைத்தார்கள். வாஷியின் மரியாயி மச்சிமார் சஹகாரி சன்ஸ்தா என்ற மீனவர் கூட்டுறவுச் சங்கம் நீதிமன்றம் போனது. வழிவழியாக மீன் பிடித்து வந்த உரிமை பாதிக்கப்பட்டால் அவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, அதற்கு ஒரு கொள்கையை அரசு வகுத்தாக வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் சொன்னது. அரசாங்கமே பதில் சொல்ல வேண்டிய உரிமை அது. ஞாயிற்றுக்கிழமை ராடுக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரியாதா?

“ஆலைக்காரனைக் கேளுங்கள், சாக்கடை விடுகிறவனைக் கேளுங்கள், எங்கள் ராடு என்ன செய்துவிட்டது?” என்பீர்கள். தானே–பேலாப்பூர் தொழிற்பேட்டையின் கழிவும் இரண்டு கரைச் சாக்கடையும் இந்தக் கழியைப் படுத்துகிற பாட்டோடு ஒப்பிட்டால் உங்கள் தூண்டில் ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சண்டைக்கு ஆள் வேண்டும், அதற்கும் நீங்கள் வந்தால் சந்தோஷம். ஆனால் ஆலை என் பேச்சைக் கேட்காது. நீங்கள் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனித் தண்ணீரைப் பற்றிப் பேசலாம். நான் கேட்கப்போவது உங்களுக்கு நஷ்டம் இல்லாத காரியம் என்பது தண்ணீர்க் கணக்குத் தெரிந்தால்தான் புரியும்.

நம் தென்கடலில் ஏற்றவற்றம் பெரிய விஷயமே இல்லை. தூத்துக்குடியில் பெரிய தண்ணீர் நாளில்கூட ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும். அங்கே நாம் பார்ப்பது காற்றும் நீவாடும்தான்: கச்சானா, வாடையா, கொண்டலா, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீர் தெளிவா கலக்கா. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவர்கள் திண்டாடுவார்கள். மும்பையில் பெரிய தண்ணீர் நாளில் நாலரை மீட்டர் ஏறும், சில நாள் அதற்கு மேலும். இரண்டரை ஆள் உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பிப் போகிறது. அதுவும் ஒரே சீராக ஏறாது. முதலில் மெதுவாக, நடுவில் ஒரே பாய்ச்சலாக, கடைசியில் மறுபடி மெதுவாக. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் ஏறிவிடும். காலையில் சேற்றில் ஐம்பதடி நடந்து போய் நின்றவன், பின்னால் இருக்கிற ஓடை நிரம்பிவிட்டதைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் உணர்கிறான். இடுப்புவரை சேற்றில் மாட்டிக்கொண்டவர்களைக் கோலிப் படகுகள் வந்து இழுத்துக் கரையேற்றியது இந்தக் கரையில் புதிதில்லை. யார் வலையை வெட்டினோமோ அவர்தான் கயிறும் வீச வேண்டியிருக்கிறது.

கோலிகள் பெரிய தண்ணீரை உதாண் என்பார்கள், சிறிய தண்ணீரை பாங் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உதாண். அஷ்டமி, நவமியை ஒட்டி பாங். கொங்கண் கரை முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் முழு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கிடைத்துவிடும். அஷ்டமி எட்டு, எட்டு முக்கால் ஆறு. ஆகவே காலை ஆறு மணிவாக்கில் முழு ஏற்றம், சாயங்காலம் ஆறரைக்குப் பக்கத்தில் மறுபடி. ஏகாதசி என்றால் எட்டேகால். பௌர்ணமியா, பதினொன்றேகால். வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் இதே கணக்குத்தான். கடல்வாயிலிருந்து கழிக்குள் தண்ணீர் ஏறி வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரமாகும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் ஏற்றவற்ற அட்டவணை பார்க்கிறவர்கள் பாருங்கள், நிமிஷம் துல்லியமாக வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் வீட்டில் காலநிர்ணய் தொங்கும்போது, திதியைப் பார்த்துவிட்டு மனதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிற சுகம் வேறு.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கணக்கில் பொருத்திப்பாருங்கள்.

அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டிய ஞாயிறு என்றால் முழு ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். அப்படியானால் காலை ஆறு மணிக்குக் கழி முழுக்க வற்றிக் கிடக்கும். நீங்கள் வந்து பார்க்கிறீர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. தண்ணீரை எட்டுவதற்காகச் சேற்றில் இறங்குகிறீர்கள். அதே நேரத்தில்தான் பெண்கள் நண்டுக்கு இறங்கியிருப்பார்கள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் பாயத் தொடங்கினால் மண்ணைக் கரைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் வரும். நாற்பது கிராம் ஈயம் கட்டினாலும் அடியில் நிற்காது, இழுத்துக்கொண்டு போய் எதிலாவது சொருகும். லூர் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கலக்கில் மீன் கண்ணுக்குத் தெரியாது. மொத்தத்தில் உதாண் ஞாயிறு தூண்டிலுக்கு ஆகாத ஞாயிறு. உங்கள் பெட்டியில் கெளுத்தியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் திரும்புகிற நாட்கள் எவை என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஆனால் அந்த வேகமான ஓட்டம்தான் வலைக்காரருக்கு உயிர். போக்ஷியானாலும், வெளிக்கடலில் போடுகிற பெரிய டோல் வலையானாலும் அது தானாக மீனைத் தேடிப் போவதில்லை. ஓடுகிற தண்ணீர்தான் மீனைக் கொண்டுவந்து பையில் போட வேண்டும். ஓட்டம் இல்லாவிட்டால் வலை தொங்கிக்கொண்டு கிடக்கும். அதனால் உதாண் நாட்களில் அவர்களுக்குத் தூக்கம் கிடையாது, பாங் நாட்களில் வலையைக் காயப்போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பாங் நாள் உங்களுக்கு எப்படி? நவமி, தசமி ஞாயிறென்றால் ஏழு, எட்டு மணிக்கு முழு ஏற்றம். தண்ணீர் கண்டல் வேர்வரை வந்து நிற்கும். சேற்றில் இறங்க வேண்டிய தேவையே இல்லை, கரையில் கெட்டித் தரையில் நின்றபடி போடலாம். ஓட்டம் மெதுவாக இருப்பதால் மண் படிந்து தண்ணீர் கொஞ்சம் தெளியும். பத்துக் கிராம் ஈயமே போதும். எட்டரையிலிருந்து பத்தரைவரை, வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் கொடுவாவுக்கு நேரம். காட்டுக்குள் போயிருந்த இறால் ஓடைவழியாக வடிகிற தண்ணீரோடு வெளியே வரும். ஓடைவாயின் ஓரமாக, தண்ணீர் சுழித்துத் திரும்புகிற இடத்தில் உயிர் இறாலை வாலுக்குப் பக்கத்தில் கோத்து, ஈயம் இல்லாமல் அல்லது ஒரே ஒரு குண்டு ஈயத்தோடு மிதந்து போக விடுங்கள். இழுக்காதீர்கள். தண்ணீர் கொண்டுபோகட்டும். மடவை மேலே துள்ளிக்கொண்டிருந்தால் கீழே ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம். காலா மீன் கிடைப்பதும் இந்த மாதிரித் தெளிந்த பாங் காலையில்தான். ஊரில் அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். இந்தக் கழியில் தூண்டில்காரனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

உதாணிலிருந்து அடுத்த உதாணுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள். ஆகவே ஒரு ஞாயிறு பெரிய தண்ணீரில் விழுந்தால் அடுத்த ஞாயிறு சிறிய தண்ணீரில் விழும். சில மாதம் இது நடுவாந்தரமாக நகரும், பிறகு மறுபடி சரியாகும். உங்களுக்கு ஆகாத ஞாயிறு அவர்களுடைய ஞாயிறு, அவர்கள் வலை காயப்போடுகிற ஞாயிறு உங்களுடையது. பழவேற்காட்டில் உட்கார்ந்து பேசிச் சீட்டுப் போட்டு உண்டாக்க வேண்டிய முறையை இங்கே சந்திரனே போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்புறமும் ஒரே ஓடைவாயில் ஒரே நாளில் முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்றால் யாரைக் குறை சொல்வது?

மழைக்காலத்துக்கும் வருகிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அறுபத்தொரு நாள் இயந்திரப் படகுகளுக்குத் தடை. நம் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சட்டம் விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நிற்கிற ராடுக்கு இல்லை என்று உங்களில் சட்டம் படித்தவர்கள் சொல்வீர்கள். சரிதான். உங்களை எந்த அதிகாரியும் வந்து பிடிக்கப்போவதில்லை. அதனால்தான் அதிகாரியிடம் மனுக் கொடுக்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

கொடுவாவின் கதை தெரியுமா? பிறந்து வளர்ந்து பருவத்துக்கு வரும்போது அது ஆண். சில வருஷம் ஆணாக இருந்துவிட்டு, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆக, நீங்கள் பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ என்று தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற மீன் அநேகமாக எல்லாமே தாய்மீன். ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை விடுகிறவள். மழைக்காலத்தில் பெரிய தண்ணீரை ஒட்டிக் கழிவாயில் முட்டை விடுவாள். குஞ்சுகள் ஏற்றத்தோடு கண்டலுக்குள்ளும் ஓடைகளுக்குள்ளும் ஏறி வளரும். செப்டம்பரில் உங்கள் தூண்டிலில் மாட்டுகிற சாண் நீளக் கொடுவா அந்தக் குஞ்சுதான். சென்னையிலிருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல்தான் கொடுவாவைக் குஞ்சுபொரிப்பகத்தில் முட்டை விட வைப்பதில் வெற்றி கண்டது. அத்தனை பாடுபட்டு மனிதன் செய்வதை இந்தக் கழி சும்மாவே செய்துகொண்டிருக்கிறது, நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால்.

2023-இல் மகாராஷ்டிர அரசு ஐம்பத்துநான்கு வகைக்கு, இதைவிடச் சிறியதைப் பிடிக்கக்கூடாது என்று அளவு வைத்தது. வெள்ளை வாவலுக்கு 135 மில்லிமீட்டர். அதே ஆண்டு அதை மாநில மீனாகவும் அறிவித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவரே அளவுகோலுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நமக்கு நாமே ஓர் அளவு வைத்துக்கொள்ள என்ன தடை? இரண்டடிக்குக் குறைந்த கொடுவாவையும் மூன்றடிக்கு மேற்பட்ட கொடுவாவையும் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். இடைப்பட்டது ஒன்று கிடைத்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்புக்கும் வறுவலுக்கும் தாராளம். விடுவதென்றால் வெயிலில் பத்து நிமிஷம் படம் எடுத்துவிட்டு வீசுவதில்லை. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை தண்ணீரில் வைத்திருந்து விடுவது. ஏப்ரல், மே வெக்கையில் கழித் தண்ணீர் சூடேறி மூச்சுக்காற்றுக் குறைந்திருக்கும், களைத்த மீன் பிழைக்காது. அந்த மாதங்களில் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான், தம்பிகளே. உதாண் ஞாயிறுகளில் கழிக்குப் போகாதீர்கள். அந்த ஞாயிறு வீட்டில் ரீலைக் கழற்றி எண்ணெய் போடுங்கள், பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போங்கள். பாங் ஞாயிறில் போகும்போது மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள், எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஆளைக் குத்தினாலும் எளிதாகக் கழன்றுவிடும், மீனை விடுவதும் சுலபம். போக்ஷிக் கழி நட்டிருக்கிற ஓடைவாய் வலைக்காரருடையது, வலை இல்லாத நாளிலும் அங்கே நிற்க அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொண்டுபோன நரம்பு அத்தனையும் உங்களோடு திரும்பி வரட்டும். கிளையில் சிக்கியதைப் பாங் தண்ணீரில் கரையிலிருந்தே எட்டி எடுத்துவிடலாம், கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள், கண்டலை அழிக்கக்கூடாது என்று 2018-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ராடு பரணில் இருக்கட்டும்.

ஒரு வருஷம் செய்துபாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த ஆண்டு உங்களுக்கு மீன் குறைந்திருந்தால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள்.

நாரளி பௌர்ணமிக்குக் கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் புதுப் பருவத்தைத் தொடங்குவார்கள். அதற்கு முந்தின ஞாயிறு சார்சோளே ஜெட்டிக்குப் போய், அவர்களுடைய பெரியவர்களிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு முறை அவர்களுக்குச் சரிப்படுமா, எந்த ஓடைவாய்களைத் தொடவே கூடாது, எங்கே நின்றால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒருவன் போய் உங்கள் சார்பில் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் யார் நம்புவார்கள்? குறைந்தது பத்துப் பேராவது உடன் வர வேண்டும். மராட்டி நன்றாகப் பேசுகிறவர்கள் முன்னால் நில்லுங்கள், என் மராட்டி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். வருகிறவர்கள் சான்பாடா ஸ்டேஷன் எதிரே நாம் வழக்கமாக நிற்கிற டீக்கடையில் பெயரைச் சொல்லிவையுங்கள். கையில் கிடக்கிற பழைய நரம்பும் முள்ளும் இருந்தால் ஒரு டப்பாவில் போட்டு அன்றைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு கரையில் நிற்கிற ஒரு தூண்டில்காரன்,
சான்பாடா